ஏணியின் கடைசிப் படி

மூன்று நாளாக மழை இல்லை. ஆனாலும் தையல் கூடத்தில் சொட்டுகிறது என்று மனைவி சொன்னபோது அவர் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க சொட்டுது?"

"என் வெட்டு மேஜைக்கு மேலதான். நேத்து புதுசா விரிச்ச துணியில மஞ்சளா ஒரு வட்டம். ஏசித் தண்ணியா இருக்கும்னு மேனேஜர் சொல்றார்."

"ஏசி ஓடாதப்பவுமா?"

"காலையில நான்தானே கதவைத் திறக்குறேன். நேத்து அப்பவே தரையில ஒரு தட்டு அகலத்துக்குத் தேங்கி நின்னுச்சு." அவள் தலையை வாரிக்கொண்டே பேசினாள். "ஏங்க, போன மாசம் நீங்கதானே அந்தக் கூரையைப் பார்த்தீங்க? எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்க எழுதின காகிதத்தை அந்த ஆளு வாசக் கதவுலயே ஒட்டி வெச்சிருக்கார். போற வர்றவங்க எல்லாம் படிக்கிறாங்க."

"ம்" என்றார். முட்டை ஓட்டோடு வெள்ளையும் சேர்ந்து பிய்ந்து வந்தது.

"மத்தியானம் பெரிய மழை வருதாம். ரேடியோவுல சொன்னான்." அவள் ரொட்டியை இரண்டு துண்டாகச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். "தின்னுட்டுப் போங்க. உரிச்சு உரிச்சு முட்டையே காணாமப் போச்சு."

அவள் படியிறங்கிப் போன பிறகும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தட்டைக் கூரைகளைப் பார்த்துச் சொல்வதுதான் அவருக்குப் பிழைப்பு. பெரிய கட்டடங்களுக்கு மேலே, பலகைத் தளத்தின் மீது, ரப்பர் கலந்த தார்ச் சுருளை நெருப்பால் உருக்கி ஒட்டியிருப்பார்கள். தார் வெயிலில் காயாமலிருக்க அதன் மேல் கல்பொடி தூவியிருக்கும். ஒட்டு எங்கே வாய் திறந்திருக்கிறது, காற்று எங்கே கொப்புளம் கட்டியிருக்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, சுவரோரப் பட்டை எங்கே விரிந்திருக்கிறது என்று நடந்து, குனிந்து, தட்டிப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வருஷமாகச் செய்கிறார். ஒரு சின்ன மரச்சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டிக்கொண்டே போவதால், தையல் கூடத்துப் பெண்கள் அவருக்கு 'டொக் டொக்' என்று பேர் வைத்திருந்தார்கள். "அக்கா, உங்க டொக் டொக் வீட்டுலயும் எல்லாத்தையும் தட்டிப் பாத்துத்தான் வாங்குவாரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "என்னை மட்டும் தட்டிப் பாக்காம கட்டிக்கிட்டார், அதான் இப்ப முழிக்கிறார்" என்பாள் இவள்.

போன வருஷம் ஒரு பழைய கிடங்கின் கூரையில் அவர் விழுந்தார். முழுக்க விழவில்லை. மேலே தார் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. அடியில் பலகை மக்கிப்போயிருந்தது. வலது கால் இடுப்பு வரை உள்ளே போனது. இரண்டு முழங்கையையும் விரித்து ஊன்றி அப்படியே தொங்கினார். கீழே முப்பது அடிக்குச் சிமெண்டுத் தரை. காவல்காரர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் பலகை ஒரு நூல் அளவு கிழிகிற சத்தம் கேட்டது. அதனால் மூச்சையும் பாதி பாதியாக விட்டார்.

தொடைக் காயம் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. வேலைக்குத் திரும்பினார். முதல் கட்டடத்தில் ஏணியின் கடைசிப் படி வரை ஏறினார். கைப்பிடிச் சுவருக்கு மேலே தலை தெரிந்தது. காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டியதுதான் பாக்கி. கால் வரவில்லை. முழங்கால் ஆடிய ஆட்டத்தில் ஏணி சுவரில் கடகடவென்று அடித்தது. அங்கிருந்தபடியே கேமராவை நீட்டிப் பத்துப் படம் எடுத்தார். கூரை நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதினார். அடுத்த தடவை ஏறிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த தடவையும் அதே படிதான். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒன்பது மணிக்கு அவர் வேனில் ஏணியைக் கட்டிக்கொண்டு தையல் கூடத்துக்குப் போனார். மாடியில் ஒரே நீளக் கூடம். முப்பத்திரண்டு பெண்கள். இயந்திரங்களின் இரைச்சல் தெரு முனையிலேயே கேட்டது. மேனேஜர் காதில் பென்சில் செருகியபடி வாசலுக்கு வந்தார்.

"வாங்க சார். உங்களை யாரு கூப்பிட்டா? ஏசிக்காரனுக்குத்தான் சொல்லியிருக்கேன்."

"ஏசியா இருக்காது. அந்த வெட்டு மேஜைப் பக்கம் இருக்கிறவங்களை மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார வைங்க."

"எங்க தள்ளுறது? அஞ்சு மணிக்குள்ள நானூறு சட்டை வண்டி ஏறணும்." கதவிலிருந்த காகிதத்தை விரலால் தட்டினார். "நல்லா இருக்குன்னு நீங்களே எழுதிட்டு, நீங்களே வந்து தள்ளி உட்காருங்கன்னா எப்படி சார்? நாற்பது நாள் கூட ஆகலை."

சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது.

"ஒரு தடவை பார்த்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்சந்துக்குப் போய் ஏணியைச் சாய்த்தார்.

சந்தில் குப்பைத் தொட்டிகளும் துணிக் கழிவு மூட்டைகளும் இருந்தன. வானம் ஈயப் பாத்திரத்தின் அடி மாதிரி இருந்தது. ஏணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார். கைகள் வேர்த்து வழுக்கின. கால்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடி துடைத்தார்.

பின்கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு மனைவி வந்தாள்.

"ஏறலையா?"

"ஏறணும்."

"நீங்க வந்து இருபது நிமிஷம் ஆச்சாம். ஜன்னல் வழியா பாத்துட்டு ஊசி சொல்றா. 'அக்கா, அண்ணன் ஏணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறார்'னு." கூடத்திலேயே ஒல்லியான பெண்ணுக்கு ஊசி என்று பேர்.

அவள் அருகே வந்து முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"போன மாசம் மேல போனீங்களா?"

அவர் கையை மறுபடி கால்சட்டையில் துடைத்தார்.

"கேக்கிறது காதுல விழுதா? மேல கால் வெச்சீங்களா, இல்லையா?"

"கடைசிப் படி வரைக்கும் போனேன்."

"அப்புறம்?"

"அங்கேருந்தே போட்டோ எடுத்தேன்."

மாடியில் இயந்திரங்கள் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தன.

"உங்க சாக்ஸை அலசினா முன்னெல்லாம் தண்ணி கருப்பாப் போகும்" என்றாள். "பக்கெட் அடியில கல்பொடி நிக்கும். அடைச்சுக்கும்னு நான் கத்துவேன். எட்டு மாசமா ஒரு பொடி கிடையாது. பயந்துக்கிட்டு ஓரமா நடக்கிறார் போலன்னு நெனச்சேன். நல்லதுதான்னு கூட நெனச்சேன். ஏறவே இல்லைன்னு நெனக்கலைங்க."

"எனக்கு..."

"உள்ள முப்பத்திரண்டு பேர் இருக்கோம்."

"தெரியும்."

"என்ன தெரியும்? நான் இருக்கேன்னு தெரியுமில்ல? தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"உன் இடமாச்சே, இதுலயாவது ஏறிடணும்னுதான் வந்தேன். சத்தியமா. அன்னைக்கு அரை மணி நேரம் அந்தப் படியில நின்னேன். காலு வரலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"வேலை போயிடும்னு..." நிறுத்தினார். "இல்ல. அது இல்ல. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வெட்கமா இருந்துச்சு."

அவள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவிக் கையில் சுற்றினாள். இறுக்கி இறுக்கிச் சுற்றினாள்.

"அந்த ஆளு நான் சொன்னா கேக்கமாட்டார். காலையிலேருந்து மூணு தடவை சொல்லிட்டேன். கண்ணால பாத்தேன்னு நீங்க சொன்னாத்தான் உண்டு." ஏணியின் முதல் படியில் காலை வைத்தாள். "நகருங்க, நான் ஏறிப் பாக்கிறேன்."

"ஐயோ, வேணாம். எங்க கால் வைக்கணும்னு உனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் அவளை மெல்ல விலக்கிவிட்டு ஏறினார்.

கடைசிப் படியில் வழக்கம்போல முழங்கால் ஆடியது. ஏணி சுவரில் கடகடத்தது. அப்புறம் கடகடப்பு நின்றது. கீழே பார்த்தார். அவள் ஏணியைத் தோளால் அணைத்துப் பிடித்திருந்தாள். அவர் கைப்பிடிச் சுவரின் மேல் வயிற்றை வைத்து, மூட்டை உருளுவதுபோல உள்ளே உருண்டு விழுந்தார். கன்னத்தில் கல்பொடி குத்தியது. எட்டு மாதம் கழித்து ஒரு கூரையில் கிடந்தார். எழுந்து நிற்க முடியாது என்று தெரிந்தது. தவழ்ந்தார்.

ஏணியிலிருந்து பார்த்தால் தெரியாததெல்லாம் தெரிந்தது. பாதிக் கூரையில் கல்பொடி உதிர்ந்து, தார் முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தது. சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு கொப்புளம். அதைத் தாண்டி ஒரு நீள ஒட்டு. ஒட்டைச் சோதிக்கும் மழுங்கல் கம்பியை நுழைத்தார். நல்ல ஒட்டில் நகம்கூட நுழையாது. கம்பி பிடி வரைக்கும் போனது. தண்ணீர் போகும் வாயில் காகிதக் கோப்பையும் சருகும் அடைத்து, ஏசிப் பெட்டியைச் சுற்றிக் குளம் மாதிரி நின்றது. குளத்தில் கொசுப்புழு நெளிந்தது. அந்தத் தண்ணீர் அங்கே மாதக் கணக்காக நிற்கிறது.

ஏசிப் பெட்டி ஒரு மாட்டின் உயரம் இருந்தது. மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. நேராக இல்லை, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

சுத்தியலால் தட்டினார். 'டொக்' என்று வரவில்லை. ஈர மாவில் அடித்தாற்போல 'தொப்' என்றது.

அடியிலிருந்து பதிலுக்கு ஒரு தட்டு கேட்டது. அவள் உள்ளே ஓடி, துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறாள். அவர் ஒரு முழம் தள்ளித் தட்டினார். அவளும் அங்கே வந்து தட்டினாள். அவள் நிற்பது வெட்டு மேஜையின் மேலாகத்தான் இருக்கும்.

"கீழ நிக்காதே! தள்ளிப் போ!" என்று கத்தினார். கத்துவதற்காக உடம்பைக் கொஞ்சம் நிமிர்த்தியதுதான். இடது முழங்காலுக்கு அடியில் ஒன்று மெதுவாக, சோம்பல் முறிப்பதுபோல், கிழிகிற சத்தத்தோடு அமுங்கியது.

அவருக்கு அந்தச் சத்தம் தெரியும்.

அப்படியே குப்புறப் படுத்துக் கைகால்களை விரித்தார். முழங்கால் இருந்த இடம் குழிந்து, சுற்றிலும் இருந்த தண்ணீர் அதை நோக்கி ஓடி வந்தது. தார்ச் சுருள் மட்டும்தான் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. மூச்சைப் பாதியில் நிறுத்தினார். கண்ணை மூடினார். கிடங்கின் சிமெண்டுத் தரை தெரிந்தது. முப்பது அடி, சாம்பல் நிறம், நடுவில் ஒரு எண்ணெய்க் கறை. இங்கே அடியில் இருப்பது தரை இல்லை, அவள்.

உள்ளே யாரோ வீறிட்டார்கள். இயந்திரங்கள் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. அவள் மெயின் சுவிட்சை இறக்கியிருந்தாள் என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மேஜைக்கு நேர் மேலே, பலகைக்கு அடியில் பொருத்தியிருந்த அட்டை பிய்ந்து விழுந்து, கருத்த மரத்தூளும் தண்ணீரும் வெள்ளைத் துணியில் கொட்டியிருந்தன. அந்த ஓட்டை வழியாக அவருடைய முழங்கால் தார்ச் சுருளில் புடைத்துத் தெரிந்ததாம். எல்லாரும் வெளியே போங்க என்று மேனேஜர் கத்தினாராம். கத்திவிட்டு முதலில் ஓடியவரும் அவர்தான் என்று ஊசி பின்னால் சொன்னாள்.

இயந்திரங்கள் நின்ற அமைதியில் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது. அடியிலிருந்து, ரொம்பப் பக்கத்தில்.

"அசையாதீங்க! கேக்குதா?"

"நீ வெளிய போ!"

"போறேன். ஓட்டைக்குள்ள எனக்கு இரும்புச் சட்டம் தெரியுது. உங்க வலது கைப் பக்கம். அதுமேல இருக்கிற பலகை காய்ஞ்சு நல்லா இருக்கு. நான் அதைத் தட்டறேன். சத்தத்தைப் பாத்து வாங்க."

'டங்' என்றது. இரும்பின் சத்தம். அவர் வலது கையை நகர்த்தினார். விரல் நுனிக்கு அடியில் கெட்டியாக ஒன்று அதிர்ந்தது.

"இன்னும் இந்தப் பக்கம்."

டங்.

"பெட்டிப் பக்கம் போகாதீங்க. எதிர்ப்பக்கம். ஆங், அப்படித்தான்."

கூரையில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. பிறகு மொத்தமாகக் கொட்டியது. இரைச்சலில் அவள் குரல் அமுங்கிப்போயிற்று. இரும்புச் சத்தம் மட்டும் வந்தது. அது உள்ளங்கை வழியாகத்தான் வந்தது, காது வழியாக இல்லை. அவர் வயிற்றால் ஊர்ந்தார். டங். ஒரு சாண். டங். இன்னொரு சாண். வாயில் தண்ணீரும் கல்பொடியும். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கணக்குப்படி பத்து நிமிஷம் இருக்கும். கைப்பிடிச் சுவரில் தலை முட்டியபோதுதான் கண்ணைத் திறந்தார்.

ஏணியில் இறங்கிய பிறகு சந்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். காலையில் தின்றது ஒன்றும் இல்லாததால் வெறும் தண்ணீர்தான் வந்தது. அவள் பின்கதவு வழியாக ஓடி வந்து அவர் முதுகைத் தடவினாள்.

எதிர்வரிசைக் கடையின் தகரத்துக்கு அடியில் முப்பத்தோரு பெண்களும் ஒடுங்கி நின்றார்கள். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். "மெதுவா உள்ள போய்த் துணியையாவது..." என்று அவர் தொடங்கியபோது, மாடியில் மாட்டுவண்டி குடை சாய்வதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஏசிப் பெட்டி பலகையைப் பிய்த்துக்கொண்டு இறங்கி, ஒரு மூலை இரும்புச் சட்டத்தில் மாட்டித் தொங்கியது. மறு மூலை வெட்டு மேஜையை இரண்டாக உடைத்திருந்தது. ஊசி மட்டும் சின்னப் பிள்ளைபோல விசும்பிக்கொண்டிருந்தாள்.

அவள் போனில் கூப்பிட்டுப் பன்னிரண்டு மணிவாக்கில் அவர் மச்சான் இரண்டு ஆட்களோடு வந்தார். மனைவியின் அண்ணன். தார்க் கூரை போடுகிற வேலை. பெட்டிக்கு முட்டுக் கொடுத்து, உடைந்த பலகையில் ஒரு துண்டை எடுத்து வந்தார். கையில் பிசைந்து காட்டினார். டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

"மாப்ள, இது இன்னைக்கு நேத்து மக்கினது இல்லையே. ரெண்டு மழைக்காலம் பாத்திருக்கு. போன மாசம் மேல நடந்தீங்கன்னா காலு சொல்லியிருக்குமே."

மேனேஜர் அந்தக் காகிதத்தைக் கதவிலிருந்து கிழித்து வந்திருந்தார். நனைந்து மை பரவியிருந்தது. "இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்றார். இந்தத் தடவை அவர் குரலில் கேலி இல்லை.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மேல ஏறலை" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஏணியில நின்னு பாத்துட்டு எழுதிக் கொடுத்தேன். பயம். விழுந்ததுலேருந்து."

மச்சான் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணே, நீங்களா?" என்றாள் ஊசி. முன்வரிசையில் தைக்கிற, பேறுகாலம் நெருங்கிய பெண் ஒருத்தி வயிற்றில் கையை வைத்தபடி அவரையே பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை, திரும்பி நின்றுகொண்டாள்.

"எழுதிக் கொடுங்க சார்" என்றார் மேனேஜர். "இப்ப சொன்னதை அப்படியே."

எழுதிக் கொடுத்தார். இனி அந்தத் தொழிலில் அவர் பேர் நிற்காது என்று அவருக்கும் மனைவிக்கும் தெரியும். கையெழுத்துப் போடும்போது கை ஆடவில்லை.

வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். மழை கண்ணாடியில் அறைந்தது. அவள் பையிலிருந்து ரொட்டியை எடுத்தாள். ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள். இருவரும் கையில் வைத்திருந்தார்கள், தின்னவில்லை. ஈரத் துணி வாடை வேனுக்குள் நிறைந்திருந்தது. அவர் சாவியைத் திருகப் போனார்.

"இருங்க" என்றாள்.

"வீட்டுக்குப் போலாம். நீ நனைஞ்சிருக்க."

"எட்டு மாசம்." அவர் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்த கோபம் போயிருந்தது. அதைவிட மோசமான ஒன்று வந்திருந்தது. "எட்டு மாசத்துல இது ஒண்ணு மட்டுமா?"

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"பத்தொன்பது" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பையிலிருந்து துணி வெட்டும் மாதிரிக் காகிதம் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, அளவு குறிக்கும் பென்சிலை எடுத்தாள்.

"சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். மருந்துக் கிடங்கு. நூலகம். ஆற்றங்கரைச் சலவைக் கூடம். இரண்டு பள்ளிக்கூடம். மாவு மில். ஏழாவதைச் சொன்னபோது பென்சில் நின்றது.

"இது என்ன, பிள்ளைங்க காப்பகமா?"

"வேலைக்குப் போற அம்மாமாருங்க விட்டுட்டுப் போற இடம். மாடியில."

"மேல ஏசிப் பெட்டி இருக்கா?"

"பெட்டி இல்ல. பெரிய தண்ணித் தொட்டி."

அவள் அவருடைய போனை எடுத்து, எண்ணைத் தேடிப் போட்டு, அவர் காதில் வைத்தாள். கையை எடுக்கவில்லை. மணி நான்கு தடவை அடித்தது.

"அட, கூரை பாக்கிற சாரா?" ஒரு பெண் குரல், தாழ்ந்து, மகிழ்ச்சியாக. "உங்களை மறப்பனா சார்? நல்லா இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுத்த பிறகு எங்களுக்குக் கவலையே விட்டுப்போச்சு. இந்த மழையிலயும் நிம்மதியா இருக்கோம்."

"அம்மா, பிள்ளைங்க எங்க இருக்காங்க?"

"எல்லாரும் தூங்குறாங்க சார். சாப்பாடு முடிஞ்சு வரிசையாப் படுக்க வெச்சிருக்கேன். மழைச் சத்தத்துக்கு ஒண்ணும் முழிக்கலை. அதான் மெதுவாப் பேசறேன்."

"எழுப்புங்கம்மா" என்றார். "இப்பவே எழுப்புங்க."